கட்டி இல்லாமலும் வரும்: மார்பகப் புற்றுநோயின் அரிய வகைகள்

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் எனத் தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் மார்பகப் புற்றுநோயைப் பற்றிக் கேட்டால், "மார்பில் கட்டி வரும், வலிக்காது, வலிக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது" என்ற பதில் பல பெண்களிடமிருந்து தயங்காமல் வரும். பதில் சரியானதுதான். பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் கையில் தட்டுப்படும் கட்டியாகவே முதலில் தெரிகின்றன. பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை 1998இல் இந்த நகரத்தின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய பெரிய ஆய்வும் அந்த அடிப்படையில் அமைந்ததே. 35 முதல் 64 வயது வரையிலான 1,51,000க்கும் மேற்பட்ட பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் மார்பகங்களைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். 2021இல் வெளியான முடிவுகளின்படி, பரிசோதிக்கப்பட்ட பிரிவில் நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுவது குறைந்தது. 50 வயதைக் கடந்தவர்களிடையே மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே கருவி எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் இது.

ஆனால் கட்டியை மட்டுமே தேடும் கண்ணுக்குத் தப்பிவிடும் சில வகைகள் உண்டு. ஒன்றில் பல சமயம் கட்டியே இருக்காது. இன்னொன்று தோல் நோய் போலத் தெரியும். மற்றொன்றில் கட்டி இருக்கும், ஆனால் அது தீங்கற்ற சாதாரண நார்க்கட்டி என்று தோன்றும். இவ்வகைகளில் நோயாளிக்கு நேரும் இழப்பு பெரும்பாலும் சிகிச்சை இல்லாததால் வருவதில்லை. நோய்க்குச் சரியான பெயர் வைக்கப்படுவதற்கு முன்பே மாதங்கள் கழிந்துவிடுவதாலோ, பெயர் வைக்கப்படுவதற்கு முன்பே கத்தி வைக்கப்பட்டுவிடுவதாலோதான் அது நேர்கிறது.

அரிது என்ற சொல்லை வைத்து எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதில் ஒரு சதவீதம் மட்டுமே உள்ள ஒரு வகை என்றாலும், ஆண்டுக்கு 1,900 பெண்கள். ஒரு குடும்ப மருத்துவர் தம் வாழ்நாளில் அப்படிப்பட்ட ஒருவரைக்கூடப் பார்க்காமல் போகலாம் என்பதும் உண்மை. அதனால்தான் அவர் முதல் பார்வையில் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

நுண்ணோக்கியின் கீழ் பார்க்கும்போது, மார்பகப் புற்றுநோய்களில் 70 முதல் 80 சதவீதம் வரை தனி அடையாளம் ஏதுமற்ற பால் நாளப் புற்றுநோயாக இருக்கும். பத்தில் ஒன்று அல்லது சற்றே கூடுதலாகப் பால் சுரப்பி மடல்களில் தோன்றுவதைப் போன்ற அமைப்புடையது. எஞ்சியவற்றில்தான் அரிய வகைகள் அத்தனையும் அடங்குகின்றன. இதனோடு, எல்லா வகைக்கும் பொதுவாக, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி (இந்த ஹார்மோன்களைப் புற்றணுக்கள் பிடித்துக்கொள்ளும் இடங்கள்), ஹெர்-2 (புற்றணுவின் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) என்ற மூன்று சோதனைகள் செய்யப்படுகின்றன. ஹார்மோன் மாத்திரை போதுமா, கீமோ வேண்டுமா, இலக்கு மருந்து தேவையா என்பதைப் பொதுவான புற்றுநோயில் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான். அரிய வகைகளில் இவை மட்டும் போதாது. நுண்ணோக்கியில் தெரியும் உருவமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

முதலில் சொல்ல வேண்டியது அழற்சி வகை மார்பகப் புற்றுநோயைப் பற்றி. மேற்கத்திய நாடுகளின் கணக்கில் மார்பகப் புற்றுநோய்களில் 1 முதல் 5 சதவீதம் வரை இருக்கும் இந்த வகை, சில வாரங்களில், அதிகம் போனால் ஆறு மாதங்களுக்குள், மார்பகத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிவந்து, வீங்கி, சூடாகி, தோலில் ஆரஞ்சுப் பழத் தோலில் உள்ளது போன்ற குழிகள் தோன்றும்படி செய்துவிடுகிறது. புற்றணுக்கள் தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய நிணநீர்க் குழாய்களை அடைத்துக்கொள்வதால் நீர் வடிய வழியில்லாமல் தோல் தடித்துப் போகிறது. கைக்குத் தட்டுப்படும் கட்டி பல சமயம் இருக்காது. மேமோகிராமில்கூடத் தோல் தடித்திருப்பது மட்டுமே தெரியலாம்.

பாடப்புத்தகங்களில் 'சிவப்பு' என்று எழுதியிருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த விவரணை வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது. நம்மில் பெரும்பாலோரின் மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அது சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்தோ, அந்த இடம் மட்டும் கறுத்துப் போனதாகவோதான் தெரியும். ஒரு பக்க மார்பகம் திடீரெனப் பெரிதாவது, கனமாக உணர்வது, உள்ளாடையின் அச்சு ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் பதிவது ஆகியவை நிறத்தைவிட நம்பகமான அறிகுறிகள் என்பது என் கருத்து.

இந்த நோயின் பெரிய சங்கடம், அது சீழ்க்கட்டி போலவே தோன்றுவது. பால் கொடுக்கும் தாய்க்கு வந்தால், பால் கட்டிக்கொண்டது என்று வீட்டிலேயே முடிவு செய்யப்பட்டு ஒத்தடம் கொடுக்கப்படும். மற்றவர்களுக்கு ஆன்டிபயாடிக் எழுதித் தரப்படும். அதில் தவறில்லை, தொற்றுதான் பல மடங்கு அதிகமாக வருவது. இரண்டாவது, மூன்றாவது சுற்று ஆன்டிபயாடிக் எழுதப்படும்போதுதான் தவறு தொடங்குகிறது. ஏழு முதல் பத்து நாள் மருந்துக்குப் பிறகும் வீக்கம் முழுதாக வற்றவில்லை என்றால், அடுத்த மருந்துக்குப் பதிலாக மார்பகத் திசுவிலிருந்தும் தோலிலிருந்தும் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். பால் கொடுக்காத பெண்ணுக்கு, அதுவும் காய்ச்சல் இல்லாமல், மார்பகம் முழுவதும் வீங்கினால் பத்து நாள்கூடக் காத்திருக்காமல் நிபுணரிடம் அனுப்புவதே முறை.

இந்தியாவில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மார்பகக் காசநோயும், காரணம் தெளிவாகத் தெரியாத ஒரு வகைச் சிறுமணி அழற்சியும் இதே தோற்றத்தைக் கொடுக்கும். அவை புற்றுநோய் அல்ல. முன்னது காசநோய் மருந்தாலும், பின்னது தேவைப்பட்டால் ஸ்டீராய்டாலும் குணமாகக் கூடியவை. கண்ணால் பார்த்துப் புற்றுநோய் என்று பயந்து மார்பகத்தை எடுத்துவிடுவதும், காசநோய் என்று ஊகித்து ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிடுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

அழற்சி வகை கண்டறியப்படும்போதே குறைந்தது மூன்றாம் நிலையில் இருக்கும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதற்குள் வேறு உறுப்புகளுக்கும் பரவியிருக்கும். எனவே உடல் முழுவதற்குமான ஸ்கேன் அவசியம். பரவாத நிலையில் சிகிச்சையின் வரிசை மாற்றக் கூடாதது: முதலில் கீமோ, தேவைப்பட்டால் ஹெர்-2 மருந்துகளோடு, பிறகு மார்பகத்தையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் முழுமையாக அகற்றும் அறுவை, அதன் பிறகு கதிர்வீச்சு, அதாவது நம்மவர்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வது. பதறிப்போய் முதலில் அறுவை செய்துவிட்டால், தோலின் நிணநீர்க் குழாய்களில் எஞ்சியிருக்கும் புற்றணுக்கள் தையல் போட்ட இடத்திலேயே மீண்டும் முளைத்துவிடும். மார்பகத்தைக் காத்து கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையும், ஓரிரு நிணநீர் முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறையும் இதற்குப் பொருந்தா. "சீக்கிரம் எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று குடும்பம் அவசரப்படுத்துவது இயல்பு. ஆனால் இந்த ஒரு நோயில் கீமோவுக்காகக் கத்தி காத்திருப்பதே விரைவான சிகிச்சை. ஒரு காலத்தில் அறுவையோ கதிர்வீச்சோ மட்டும் பெற்றவர்களில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் மிகச் சிலரே. மூன்றையும் இந்த வரிசையில் சேர்த்த பிறகுதான் நிலைமை மாறியது.

முலைக்காம்பில் வரும் பேஜட் நோய், 1874இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் விவரித்தது. மார்பகப் புற்றுநோய்களில் 1 முதல் 4 சதவீதம் வரை இதன் பங்கு. முலைக்காம்பு உரிந்து, அரித்து, பொருக்குத் தட்டி, சில சமயம் இரத்தம் கசியும். பார்ப்பதற்குக் கரப்பான் என்ற தோல் அழற்சி போலவே இருக்கும். மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமலேயே கிடைக்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு கொஞ்சம் அடங்கும். அடங்கியதாலேயே நோயாளி மேலும் சில மாதங்கள் ஏமாந்துவிடுவார். வேறுபடுத்த ஒரு வழி உண்டு. கரப்பான் பெரும்பாலும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் தொடங்கும், இரண்டு பக்கமும் வரும். பேஜட் நோய் காம்பின் நுனியில் தொடங்கி வெளிப்புறமாகப் பரவும், அநேகமாக ஒரு பக்கம் மட்டுமே வரும். ஒரு பக்கக் காம்பில் சில வாரக் களிம்புக்குப் பிறகும் ஆறாத புண் இருந்தால், தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை. இந்நோய் உள்ள பெரும்பாலோருக்கு உள்ளே பால் நாளங்களில் புற்றுநோய் இருக்கும் என்பதால், காம்போடு நிற்காமல் மார்பகம் முழுவதையும் மேமோகிராம் வழியாகவும், தேவையென்றால் எம்ஆர்ஐ வழியாகவும் பார்க்க வேண்டும். உள்ளே உள்ளது சிறியதாக, காம்புக்கு அருகிலேயே இருந்தால், காம்பையும் கருவட்டத்தையும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்து மார்பகத்தைக் காப்பாற்றவும் முடியும்.

அடுத்தது ஃபில்லோடிஸ் கட்டி. கண்டிப்பாகப் பார்த்தால் இது பால் நாளத்திலிருந்து வரும் புற்றுநோயே அல்ல. நாளங்களைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவில் தோன்றி, இலைகள் அடுக்கியது போன்ற அமைப்போடு வளர்வது. மார்பகக் கட்டிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சாதுவானது, இடைப்பட்டது, தீயது என மூன்று தரம் உண்டு, பெரும்பாலானவை சாதுவானவையே. இளம்பெண்களுக்குச் சாதாரணமாக வரும் நார்க்கட்டியைப் போலவே வழுவழுப்பாக, விரலுக்கு நழுவி ஓடும். இதன் வேகம்தான் வேறு. எலுமிச்சை அளவில் பல ஆண்டுகளாக இருந்த கட்டி, சில மாதங்களில் மார்பகம் முழுவதையும் நிரப்பி, தோலைப் பளபளக்கச் செய்து, நீல நரம்புகள் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடலாம்.

நார்க்கட்டியை, அதைச் சுற்றியுள்ள திசுவைத் தொடாமல் அப்படியே பிதுக்கி எடுத்துவிடலாம். ஃபில்லோடிஸ் கட்டியை அப்படி எடுத்தால் அதே இடத்தில் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம். திரும்பி வரும்போது முன்னைவிடத் தீய தரத்தில் வருவதும் உண்டு. எனவே இடைப்பட்டதையும் தீயதையும் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது நல்ல திசுவோடு சேர்த்து அகற்றுவது முறை. மெல்லிய ஊசியால் சில அணுக்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனையில் இந்த இரண்டு கட்டிகளையும் பிரித்தறிவது கடினம். தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுப்பது மேல், அதிலும் சில சமயம் சந்தேகம் எஞ்சும். வேகமாக வளர்கிறது என்ற தகவலை நோயாளி சொல்லத் தவறினால், மருத்துவர் அதை ஊகிக்க வழியில்லை.

தீய தரத்திலுள்ள ஃபில்லோடிஸ் இரத்தத்தின் வழியே பரவும். அதிகமாகப் போவது நுரையீரலுக்கு. அக்குளுக்கு அநேகமாகப் போவதில்லை. ஆகவே அக்குள் முடிச்சுகளை வழக்கம் போல் அகற்றுவதில் பயன் இல்லை, கேடுதான் உண்டு. அக்குள் அறுவைக்குப் பின் கை வீங்கிப் போவது பலருக்கும் நேரக்கூடியது. தாராவியில் விடியற்காலையில் மாவு ஆட்டி இட்லி வார்த்து விற்கும் பெண்ணுக்கும், முறுக்கு பிழிந்து கூலி வாங்கும் பெண்ணுக்கும் வலது கை வீக்கம் என்பது வருமானமே நிற்பது. ஹார்மோன் மாத்திரையும் இந்நோய்க்குப் பயன்படாது. கதிர்வீச்சு சிலருக்கு, முக்கியமாகத் தீய தரம் உள்ளவர்களுக்கு, அதே இடத்தில் திரும்ப வருவதைக் குறைக்கிறது.

'டிரிப்பிள் நெகடிவ்' என்று அறிக்கையில் எழுதியிருந்தால் குடும்பம் ஆடிப்போகும். மேற்சொன்ன ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி, ஹெர்-2 சோதனைகள் மூன்றும் எதிர்மறை என்பதே அதன் பொருள். பொதுவாக அது வேகமான, கீமோ அவசியமான நோய். ஆனால் இந்தப் பொதுப் பெயருக்குள் முற்றிலும் எதிரெதிரான நோய்கள் இருக்கின்றன. அடினாய்டு சிஸ்டிக் என்ற வகை, ஆயிரத்தில் ஒன்றுகூட வராதது. மூன்றும் எதிர்மறையாகவே இருக்கும். இருந்தும் அதன் வழக்கமான வடிவம் மெதுவாக வளரும், அக்குளுக்கு அரிதாகவே பரவும், முறையாக அகற்றிவிட்டால் பெரும்பாலோருக்குக் கீமோவே வேண்டியிருக்காது. மெட்டாபிளாஸ்டிக் வகையும் அநேகமாக மூன்றும் எதிர்மறைதான். அதுவோ பெரிதாக வளர்ந்து, வழக்கமான கீமோவுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் இழுத்தடிக்கும். கட்டியைச் சுருக்குவதற்காக முதலில் கீமோ தொடங்கினால், சுருங்காமல் வளர்ந்துகொண்டே போகும் ஆபத்து இதில் உண்டு. எனவே நெருக்கமாகக் கண்காணித்து, தேவைப்பட்டால் அறுவையை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே தலைப்பின் கீழ் வரும் இந்த இருவருக்கும் ஒரே கீமோவைக் கொடுத்தால், முதல் பெண் காரணமில்லாமல் முடியை இழப்பார், இரண்டாமவர் நேரத்தை இழப்பார்.

சிறு வயதினருக்கும் வரக்கூடிய சுரப்பு வகை என்ற ஒன்றும் பெரும்பாலும் இதே பிரிவில் விழும். இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு உருவாகும் ஒரு கோளாறே அதன் அடையாளம். அறுவையே அநேகருக்குப் போதும். அரிதாகப் பரவிவிட்டால், அந்தக் கோளாறையே குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் என்ற மாத்திரை 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது உடலின் எந்த உறுப்பில் வந்த புற்று என்று பார்க்காமல், மரபணுக் கோளாறைப் பார்த்துக் கொடுக்கப்படும் மருந்து.

நன்றாகக் கட்டுப்படும் அரிய வகைகளும் உண்டு. வயதானவர்களுக்கு வரும் சளி வகையும், குழாய் வகையும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை, மெதுவானவை; அறுவையோடும் ஹார்மோன் மாத்திரையோடும் பெரும்பாலோர் நலமாக இருக்கிறார்கள். மார்பகத்திலேயே தோன்றும் லிம்ஃபோமா இருநூறில் ஒன்றுக்கும் குறைவு. இதற்கு மார்பகத்தை அகற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. கீமோவும் சிலருக்குக் கதிர்வீச்சும்தான் சிகிச்சை. சதை எடுத்துப் பார்க்காமல் நேரே அறுவைக்குப் போன ஒருவர், அறிக்கை வந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

இங்கே ஒரு பயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "ஊசி போட்டுக் குத்தினால் பரவிவிடும்" என்ற பேச்சு திருநெல்வேலியிலும் உண்டு, தாராவியிலும் உண்டு. ஊசி சென்ற தடத்தில் சில அணுக்கள் நகரக்கூடும் என்பது நுண்ணோக்கியில் காணப்பட்டதுதான். ஆனால் முறைப்படி சிகிச்சை பெறுபவர்களிடம் அது நோயைப் பரப்பி ஆயுளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஊசிக்குப் பயந்து நேரே கட்டியை எடுக்கச் சொல்வதே ஆபத்தான வழி.

ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய் மொத்தத்தில் ஒரு சதவீதம் அளவே. பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில், காம்புக்கு அடியில் வலியற்ற கட்டியாகவோ, காம்பு உள்ளிழுத்துக்கொண்டதாகவோ தெரியும். பத்தில் ஒன்பது பேருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும். டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை நன்றாக வேலை செய்யும். ஆண்களில் இது, குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடிய பி.ஆர்.சி.ஏ.2 மரபணு மாற்றத்தோடு தொடர்புடையதாக இருக்கும் வாய்ப்பு பெண்களைவிடக் கூடுதல். ஆகவே அப்பாவுக்கு வந்த நோயைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தால், மகள்களும் அவருடைய அக்கா தங்கைகளும் தாங்கள் பெற்றிருக்க வேண்டிய பரிசோதனையை இழக்கிறார்கள்.

இத்தனை வகைகளையும் பிரித்தறியும் வேலை நோய்க்குறியியல் மருத்துவருடையது. அரிய வகைகளுக்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் நடத்த நோயாளிகள் போதாது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த பதிவுகளும், அவற்றைப் பார்த்துப் பழகிய கண்களும்தான் ஆதாரம். 1941இல் தொடங்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களின் பலம் அதில் இருக்கிறது. வெளியில் எடுத்த சதையின் ஸ்லைடுகளையும், திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்குகளையும் அங்கே மறுபடி பார்த்துச் சொல்வார்கள். காகித அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போவது பாதிப் பயணம். பிளாக்கைச் சோதனைக்கூடத்திடம் எழுதிக் கேட்டு வாங்கலாம். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்.

ஊரிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாகர்கோவில் ரயிலுக்கு டிக்கெட் எடுப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அழற்சி வகைக்கான சிகிச்சை முழுதாக முடிய ஓராண்டு நெருங்கும். கீமோ போட்டுக்கொண்ட வாரத்தில் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனமும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் இதே சிகிச்சையைத் தரக்கூடியவை. 2012இல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் நாடெங்கும் 300க்கும் மேற்பட்ட மையங்கள் பொதுவான சிகிச்சை நெறிகளின் கீழ் இணைந்திருக்கின்றன. ஆனால் நோயின் பெயர் உறுதியாகும் வரை இங்கேயே இருந்து, பிளாக், ஸ்லைடு, ஸ்கேன் குறுந்தட்டு ஆகிய எல்லாவற்றோடும் கிளம்புவது நல்லது. குடும்ப அட்டை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். மகாராஷ்டிராவின் ஜோதிராவ் புலே காப்பீட்டுத் திட்டத்துக்கும் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் அந்தந்த மாநில ஆவணம் தேவை, மத்திய அரசின் ஆயுஷ்மான் அட்டை மாநிலம் தாண்டியும் செல்லும்.

சிகிச்சை முடிந்த பிறகும் இந்த ஆவணங்களைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மார்பகத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களில் மிகச் சிலருக்கு, ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழித்து, அதே இடத்தின் தோலில் இரத்தக் குழாய்ச் சதைப்புற்று என்ற ஒரு வகை தோன்றுகிறது. அடிபட்டுக் கன்றியது போன்ற ஊதா நிறத் திட்டாக அது தொடங்கும். அடிபட்ட நினைவு இருக்காது, வாரங்கள் ஆனாலும் மறையாது. அந்தத் திட்டிலிருந்தும் சதை எடுத்துப் பார்த்தாக வேண்டும். அப்போது கேட்கப்படும் முதல் கேள்வி, எந்த ஆண்டு, எந்தப் பக்கம், எத்தனை நாள் கரண்ட் வைத்தார்கள் என்பதாகவே இருக்கும்.